முட்டி தட்டும் கால்கள்: வளர்ச்சி நிற்பதற்குள் வந்தால் செலவும் குறைவு, வலியும் குறைவு

"வளர வளரச் சரியாகிவிடும்னு சொன்னாங்க டாக்டர்." முட்டி தட்டும் கால்களோடு பதின்வயதுப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு அது சரி. 3, 4 வயதில் முட்டிகள் உள்பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு, 7 வயதுக்குள் தானாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் நீடிக்கிற வளைவு, அதிலும் கூடிக்கொண்டே போகிற வளைவு, தானாக நேராவது அரிது.

வீட்டிலேயே பார்க்கலாம். முட்டிச் சில்லு நேர் முன்னால் பார்க்க, இரு முட்டிகளும் லேசாகத் தொடும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். உள்கணுக்கால்களுக்கு இடையே 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் காட்டிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வளைவு என்றால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், நேராக வாருங்கள். பழைய எலும்பு முறிவோ கிருமித்தொற்றோ காரணமாக இருக்கலாம். தொடை பருமனான பிள்ளைகளுக்கு இந்த அளவு ஏமாற்றும். அவர்களுக்கு, நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரேதான் உண்மையைச் சொல்லும்.

விசேஷ செருப்பு, பெல்ட், எண்ணெய்த் தேய்ப்பு எதுவும் இந்த வயதில் எலும்பை நேராக்காது. அதில் போகும் பணத்தைவிட, போகும் காலம்தான் பெரிய நஷ்டம்.

ஏனென்றால் மலிவான சிகிச்சை, பிள்ளையின் மிச்ச வளர்ச்சியை வைத்துச் செய்வது. எலும்பின் முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். முட்டி தட்டும் கால்களில் கோளாறு பெரும்பாலும் தொடை எலும்பின் கீழ்முனையில் இருக்கும். அதன் உள்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, வளர்ச்சித் தட்டின் குறுக்கே ஒரு குட்டி பிளேட்டை இரண்டு ஸ்க்ரூவால் பிடித்துவிடுகிறோம். உள்பக்க வளர்ச்சி தடைப்படும், வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும், கால் மெல்ல நேராகும். எலும்பை வெட்டுவதில்லை, மாவுக்கட்டு இல்லை. சில நாளிலேயே நடக்கலாம். கால் நேராக ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. 1949-லேயே பிளவுண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ஸ்டேப்பிள் அடித்து இதைச் செய்திருக்கிறார். இன்று இதற்கென்றே தயாரித்த பிளேட்டுகள் கிடைக்கின்றன, விலை அதிகம். எலும்பு முறிவுக்குப் போடும் சாதாரணச் சிறு பிளேட்டும் ஸ்க்ரூவும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதே வேலையைச் செய்துவிடும். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வயதுக் கணக்குதான் முக்கியம். முட்டியருகே வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதிலும் முடிகிறது. அதற்கு முன் ஒரு வருடமாவது கையில் இருக்க வேண்டும். அதனால் 14 வயதுப் பையனுக்குச் சொல்லும் பதிலை, வயதுக்கு வந்து இரண்டு வருடமான 14 வயதுப் பெண்ணுக்குச் சொல்ல முடியாது.

வளர்ச்சி முடிந்துவிட்டால் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும். அதிலும் செலவைக் குறைக்க வழி உண்டு. விலையுயர்ந்த பிளேட்டுக்குப் பதில், வெட்டிய எலும்பைக் கம்பியாலோ மாவுக்கட்டாலோ பிடித்து வைக்கலாம். ஆனால் பல வாரம் கட்டோடு இருக்க வேண்டும், முட்டி விறைத்துப்போகும், பள்ளிக்கூடப் படிப்பும் விட்டுப்போகும். வளைவை ஒரேயடியாக நிமிர்த்தும்போது முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு இழுபட்டுப் பாதம் தூக்க முடியாமல் போகும் அபாயமும் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிடுவேன்.

எந்த அறுவைக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும்: கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின். ரிக்கெட்ஸ் என்ற, எலும்பு மென்மையாகி வளையும் நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்க, அதைக் கவனிக்காமல் காலை மட்டும் நிமிர்த்தினால் வளைவு திரும்ப வரும்.

அப்புறம், பிளேட் போட்டதோடு வேலை முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். வலி இல்லை, கால் நேராகிவிட்டது என்று வராமல் இருந்துவிட்டால், எடுக்காமல் விட்ட பிளேட் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும், கால் எதிர்ப்பக்கம் வில்லாக வளையும். பிளேட்டைச் சரியான நேரத்தில் எடுத்த பிறகும், வளர்ச்சி பாக்கியிருக்கும் பிள்ளைக்கு வளைவு கொஞ்சம் திரும்பலாம். அதனால் வளர்ச்சி முழுதாக நிற்கும்வரை வரச் சொல்கிறோம். போக்குவரத்துச் செலவு சிரமம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்து ஊரில் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால்கூடப் பல நேரம் போதும்.