சார்பு இறந்தகாலம்: பிரெஞ்சின் ‘ஏம்பர்ஃபே து சுப்ஜோன்க்திஃப்’

பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணையில் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கப்பட்ட பெயர் இது. இன்றைய பேச்சுக்கு இது தேவையில்லை. இதைத் தொடாமலே பிரெஞ்சில் சரளமாகப் பேசலாம், கடிதம் எழுதலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான உரைநடை எதைப் பிரித்தாலும் சில பக்கங்களுக்குள் இது எதிரே வந்து நிற்கும். அதனால் இந்தப் பெயருக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்பது வீண்வேலை இல்லை.

முதலில் பயன்பாடு. நடந்ததை நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்லும் வினைவடிவம் ஒன்று பிரெஞ்சில் உண்டு. விருப்பம், அச்சம், ஐயம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் ஒரு தலைமை வினைக்குக் கீழே, ‘கெ’ என்ற இணைப்புச் சொல்லை அடுத்து வரும்போது வினை வேறு வடிவம் எடுக்கும். அந்த வடிவத் தொகுதிதான் சுப்ஜோன்க்திஃப். இப்படிப்பட்ட வினைவடிவத் தொகுதியைப் பாங்கு என்போம். ‘ஜெ வே கில் வியென்’ என்றால் ‘அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’. தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால், பழைய இலக்கண முறைப்படி கீழே உள்ள வினையும் கூடவே போக வேண்டும்: ‘ஜெ வூலே கில் வேன்’, அதாவது ‘அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்’. வியென் என்பது வேன் ஆகிவிட்டது. இந்த ‘வேன்’தான் நம் விஷயம். தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: விரும்புகிறேன் என்றாலும் விரும்பினேன் என்றாலும் ‘வர வேண்டும்’ அசையவே இல்லை. காலம் காட்டும் பொறுப்பு முழுவதும் முற்றுவினையிடம் இருக்கிறது.

சுப்ஜோன்க்திஃப் என்ற பெயர் லத்தீன் ‘சுப்யுங்க்திவுஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘சுப்’ என்றால் கீழே. ‘யுங்கெரே’ என்றால் பூட்டுதல், இணைத்தல். வடமொழி ‘யுஜ்’ என்னும் வேரும் அதில் பிறந்த யோகம் என்ற சொல்லும் இதற்கு உறவு. ஆக, ‘கீழே பூட்டப்பட்டது’ என்பது நேர்ப்பொருள். லத்தீன் இலக்கணக்காரர்கள் இதைச் சொந்தமாக யோசித்து வைக்கவில்லை; கிரேக்கர்களின் ‘ஹுப்போதக்திக்கே’, அதாவது ‘கீழே வைக்கப்பட்டது’ என்ற பெயரை அப்படியே தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீன் கற்பித்த பிரிஸ்கியனின் பெரிய இலக்கண நூல் இடைக்கால ஐரோப்பாவின் பள்ளிகளிலெல்லாம் புழங்கியது. அந்த வழியில்தான் இந்தப் பெயர்கள் பிரெஞ்சுக்கும் வந்து சேர்ந்தன.

ஏம்பர்ஃபே என்பது ‘இம்பெர்ஃபெக்தும்’, அதாவது முடிவு பெறாதது. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வார்ரோ லத்தீன் வினைகளை முடிந்தவை, முடியாதவை என்று இரண்டாகப் பிரித்திருந்தார். சாதாரண பிரெஞ்சு ஏம்பர்ஃபேவுக்கு இந்தப் பெயர் பொருந்தும்: ‘இல் ஷாந்தே’ என்றால் ‘பாடிக்கொண்டிருந்தான்’ அல்லது ‘பாடுவான்’ (அந்தக் காலத்தில் தினமும் பாடுவான் என்கிறோமே, அந்தப் பொருளில்). ஆனால் சுப்ஜோன்க்திஃப் ஏம்பர்ஃபேவுக்குப் பொருந்தவில்லை. ‘அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்’ என்பதில் முடிவு பெறாத வருகை எதுவும் இல்லை.

இந்தப் பொருத்தமின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. லத்தீனில் ‘கந்தாரெம்’ என்ற வடிவம்தான் இந்தப் பாங்கின் இம்பெர்ஃபெக்தும். பேச்சு லத்தீனில் ஒலிகள் தேய்ந்தபோது அது ‘கந்தாரே’ போன்ற பக்கத்து வடிவங்களோடு கலந்து அடையாளம் இழந்தது. காலியான இடத்துக்கு, ‘பாடியிருந்திருக்க’ என்ற அளவுக்குப் பின்னோக்கிய காலத்தைக் காட்டிய ‘கந்தாவிஸ்ஸெம்’ இறங்கி வந்தது. அது சுருங்கி ‘கந்தாஸ்ஸெம்’ ஆகி, பிரெஞ்சில் ‘ஷாந்தாஸ்’ ஆனது. வடிவம் ஒரு வீட்டுப் பிள்ளை, பெயர் இன்னொரு வீட்டுடையது. பெயரை நம்பிப் பொருள் சொல்லப் போனால் தடுமாறுவோம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இனி திரிபு. இதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். கதை சொல்லப் பயன்படும் ‘பாசே சேம்ப்ள்’ என்ற இறந்தகாலத்தில் ‘நீ’ வடிவத்தை எடுத்து, எழுத்தில் கடைசியாக நிற்கும் ‘ஸ்’ஸோடு ‘செ’ என்ற ஈற்றைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ‘நான்’ வடிவம் கிடைத்துவிடும். பாடுதலுக்கு ‘ஷாந்தாஸ்’, இருத்தலுக்கு ‘ஃபுஸ்’, வருதலுக்கு ‘வேன்ஸ்’. பிறகு வரிசை தானாக வரும்: ஜெ ஷாந்தாஸ், து ஷாந்தாஸ், இல் ஷாந்தா, நூ ஷாந்தாசியோன், வூ ஷாந்தாசியே, பன்மையில் இல் ஷாந்தாஸ். ஒழுங்கற்ற வினைகளும் இந்தச் சூத்திரத்துக்கு அடங்கும். பாசே சேம்ப்ள் தெரிந்தால் இது இலவசம். அது தெரியாவிட்டால் இதற்கு வழியே இல்லை.

படர்க்கை ஒருமையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அங்கே உயிரெழுத்தின் தலையில் கூரை போன்ற ஒரு குறி வரும். முன்பு அந்த இடத்தில் ஓர் ‘ஸ்’ எழுதப்பட்டது. பிரெஞ்சு அகாதெமி 1740இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பு ஒலிக்காத ‘ஸ்’களைப் பெருமளவு நீக்க, அவை இருந்த இடத்தைக் கூரைக்குறி காட்டத் தொடங்கியது. 1990இன் எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் இந்தக் குறியை விட்டுவிடலாம் என்றது. ஆனால் இந்த வடிவத்துக்கு அப்படியே வைத்தது. காரணம் எளிது: பாசே சேம்ப்ளில் ‘இல் ஃபு’, இங்கே ‘கில் ஃபு’. காதுக்கு இரண்டும் ஒன்று. எழுத்தில் கூரை இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

பிரெஞ்சுக்காரர்களே அடிக்கடி சறுக்கும் இடம் இது. ‘அவன் நோயாளியாக இருந்தபோதிலும்’ என்பதில் வரும் ‘பியேன் கில் ஃபு’வுக்குக் கூரை உண்டு. ‘அவன் புறப்பட்டுப் போன பிறகு’ என்பதில் வரும் ‘அப்ரே கில் ஃபு’வுக்குக் கூடாது, ஏனென்றால் புறப்பட்டது நடந்து முடிந்த உண்மை. சந்தேகம் வந்தால் பன்மையாக்கிப் பாருங்கள். ‘ஃபுஸ்’ என்று வந்தால் கூரை போடலாம். ‘ஃபுர்’ என்று வந்தால் போடக்கூடாது.

இவ்வளவு நேர்த்தியான வடிவம் ஏன் வழக்கொழிந்தது? ஷாந்தாசியோன், ஷாந்தாசியே போன்றவை கனமாக ஒலிப்பதால் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் ‘ஆஸ்’ என்ற ஈறு பல பெயர்ச்சொற்களில் இளக்காரத் தொனி தருவது, அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் எனக்கு இது முழுக் காரணமாகப் படவில்லை. இத்தாலியர் ‘வோலேவோ கே வெனிஸ்ஸே’ என்று இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். அதுவும் அதே லத்தீன் மூலத்திலிருந்து வந்த, அதே கனமுள்ள வடிவம்தான். வட இத்தாலியப் பேச்சிலும் கதைசொல்லும் இறந்தகாலம் அருகிவிட்டது, ஆனாலும் வெனிஸ்ஸே பிழைத்தது. ஏனென்றால் அது பெரும்பாலான வினைகளில் வேர்வடிவத்திலிருந்தே பிறக்கிறது. பிரெஞ்சு வடிவமோ பாசே சேம்ப்ளின் அடியைப் பற்றிக்கொண்டிருந்தது. பாசே சேம்ப்ள் பேச்சிலிருந்து போனதும் இதற்குப் பிடிமானம் போய்விட்டது. போதாக்குறைக்கு ‘ஃபினீர்’ (முடித்தல்) வகை வினைகளில் ஆறு இடங்களில் ஐந்தில் சுப்ஜோன்க்திஃப் நிகழ்கால வடிவமும் இதுவும் ஒன்றே.

சட்டமும் மெல்லப் பின்தொடர்ந்தது. 1901 பிப்ரவரி 26 தேதியிட்ட அரசாணை, தலைமை வினை நிபந்தனைப் பாங்கில் (‘இப்படியானால் செய்வேன்’ என்பதுபோன்ற பொருள் தரும் வடிவத்தில்) இருக்கும்போது ‘வேன்’ என்பதற்குப் பதில் ‘வியென்’ என்று எழுதினாலும் தேர்வில் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்றது. 1976 டிசம்பர் 28 ஆணை, தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் அதையே ஏற்றது. இன்று ‘ஜெ வூலே கில் வியென்’ என்பதே எல்லார் வாயிலும். கவனமாக எழுதும் எழுத்தாளர்கள் படர்க்கை வடிவங்களை, அதிலும் ‘இரு’, ‘கொள்’ வினைகளின் ‘ஃபு’, ‘உ’ ஆகியவற்றை இன்னும் விடவில்லை. ‘ஃபுஸ்’ (‘அதுவாகவே இருந்தாலும்’) போன்ற உறைந்த தொடர்களும் உயிரோடு இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுப்ஜோன்க்திஃப் என்றதும் வியங்கோள் நினைவுக்கு வரும். ‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ என்பதை ‘பிரான்ஸ் வாழ்க’ என்று பெயர்க்கும்போது வியங்கோள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் நன்னூல் சொல்லும் வியங்கோள் தானே முற்றாக நின்று வாக்கியத்தை முடிப்பது. பிரெஞ்சு வடிவம் பெரும்பாலும் இன்னொரு வினையை அண்டி நிற்பது. ‘ஐயவினை’ என்பதும் போதாது, விருப்பத்திலும் தேவையிலும் ஐயம் இல்லையே. மூலப்பொருளான ‘கீழே பூட்டப்பட்டது’ என்பதற்கு நம் இலக்கணத்திலேயே பழகிய சொல் இருக்கிறது: சார்பு. சார்பெழுத்து என்கிறோம் அல்லவா, அந்தச் சார்புதான். சார்புப் பாங்கு என்றால் தமிழ் மாணவருக்கு விளக்கவுரை வேண்டாம்.

ஏம்பர்ஃபேவை ‘முற்றுப்பெறா’ என்று பெயர்த்தால் இரட்டைக் குழப்பம். தமிழில் முற்றாதது எச்சம். படிப்பவர் வினையெச்சத்தைத் தேடப் போவார். அதோடு, மேலே பார்த்தபடி அந்தப் பொருளே இந்த வடிவத்தில் இல்லை. இறந்தகாலத் தலைமை வினையைத் தொடர்ந்து இறந்தகாலத்துக்குப் போவது மட்டுமே இதன் வேலை. ஆகவே சார்பு இறந்தகாலம் என்பதே என் தேர்வு. குடும்பத்தின் மற்றவற்றுக்கும் இதே வரிசை ஒத்துவரும். ‘வியென்’ சார்பு நிகழ்காலம். ‘சுவா வெனு’, அதாவது ‘வந்திருக்க’, சார்பு முடிவுநிலை. 1976 ஆணையும் இதை ‘பார்ஃபே’, அதாவது முடிந்தது, என்றே குறிப்பிடுகிறது. ‘ஃபு வெனு’ சார்பு இறந்தகால முடிவுநிலை. அந்த ‘ஃபு’வுக்கும் கூரை உண்டு.