வள்ளம் எந்தப் பக்கம் போகுது: அஞ்சு ஸ்பீக்கரும் ரெண்டு காதும்

கீழக்கரைல எங்க தெருவுல சங்கு குளிக்கப் போற காக்கா (எங்க பக்கம் அண்ணன்னு அர்த்தம்) ஒருத்தர் இருக்கார், டீக்கடைல ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னார், "தண்ணிக்குள்ள மோட்டார் சத்தம் நல்லாவே கேக்கும் தம்பி, ஆனா எந்தப் பக்கம்னு சத்தியமா சொல்ல முடியாது, மண்டைக்குள்ளயே ஓடுற மாதிரி இருக்கும், மேல வந்து பாத்தாத்தான் தெரியும் வள்ளம் வடக்க போகுதா தெக்க போகுதான்னு." அப்ப நான் போன்ல ஒரு பாக்ஸ் செட் விலைய பாத்துக்கிட்டு இருந்தேன், இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டோட டார்க் சைட் ஆஃப் த மூன். 1973 மார்ச்ல வந்த ஆல்பம், 2003ல முப்பதாவது வருசத்துக்கு 5.1 சரவுண்ட்ல, அதாவது சுத்தி ஸ்பீக்கர் வச்சு கேக்குற மாதிரி, எஸ்.ஏ.சி.டி.ங்கற சி.டி. மாதிரி டிஸ்க், 2011ல பெரிய பெட்டி, 2023ல அம்பதாவது வருசத்துக்கு தலைக்கு மேலயும் சத்தம் வைக்கிற டால்பி அட்மாஸ். உம்மா கேக்குறது நியாயம்தான், "ஏற்கனவே இருக்கறதத்தானடா திரும்பத் திரும்ப வாங்குற". பாட்டு அதேதான் உம்மா, இடம்தான் வேற. காக்காவுக்கு தண்ணிக்குள்ள எது கிடைக்கலையோ அதுக்குத்தான் நான் காசு குடுத்துக்கிட்டு இருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

சத்தம் எங்க இருந்து வருதுன்னு மூளை எப்படி கண்டுபிடிக்குது? காது ரெண்டு இருக்கு, நடுவுல ஒரு மண்டை இருக்கு, அதுதான் மொத்த கருவியும். வலது பக்கம் ஒருத்தர் கூப்பிட்டா அந்த சத்தம் வலது காதுக்கு முதல்ல வந்துரும், மண்டைய சுத்தி இடது காதுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அந்த கொஞ்ச நேரம் எவ்வளவுன்னா அதிகபட்சமா 0.65 மில்லி செகண்ட் போல. கண் சிமிட்டுற நேரத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதைவிட ஆச்சரியம், 10 மைக்ரோ செகண்ட் வித்தியாசத்தைக்கூட நம்ம மூளை பிடிச்சுரும், அதாவது நேர் எதிர்ல இருக்கற ஒரு சத்தம் ஒரு டிகிரி நகந்தாலே தெரியும். இது தடித்த சத்தங்களுக்கு. சன்னமான கீச்சு சத்தங்களுக்கு வேற வழி, அதோட அலை மண்டையவிட சின்னதா இருக்கறதால மண்டை நிழல் மாதிரி மறைக்கும், மறு காதுல சத்தம் கம்மியா விழும், அந்த ஏத்த இறக்கத்த வச்சு கணக்கு. இப்படி ரெண்டு முறையா நடக்குதுன்னு 1907லயே லார்டு ராலேங்கற இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி எழுதிட்டார்.

இப்ப காக்கா விசயத்துக்கு வாங்க. நம்ம ஊரு வெயில்ல காத்துல சத்தம் செகண்டுக்கு 350 மீட்டர் கிட்ட போகும், கடல் தண்ணில 1500 மீட்டர், நாலு மடங்குக்கும் மேல. அப்ப அந்த 0.65 மில்லி செகண்ட் 0.15 ஆகிரும். மூளைக்கு தெரிஞ்சது காத்துக் கணக்கு மட்டும்தான், அதனால முழுசா பக்கவாட்டுல வர்ற மோட்டாரையும் கிட்டத்தட்ட நேர் எதிர்லன்னு வாசிக்கும். மண்டை நிழலும் உதவாது, ஏன்னா தண்ணிக்கு மண்டை பெரிய தடையே இல்ல, சத்தம் எலும்பு வழியாவே ரெண்டு காதுக்கும் சேந்து போய்ரும். மண்டைக்குள்ள ஓடுற மாதிரி இருக்குன்னு அவர் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்ல, நெசமாவே அப்படித்தான்.

சரி, ஸ்டீரியோ. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே குரல ஒரே அளவுல விட்டா நடுவுல யாருமே இல்லாத இடத்துல பாடகர் நிக்கிற மாதிரி கேக்கும், ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல ஒரே அளவுல வருதேன்னு மூளை நடுவுல ஒரு ஆளை உண்டாக்கிக்குது. இந்த ஏமாத்து வேலை முன்னாடி அருமையா நடக்கும். அப்ப பின்னாடியும் ரெண்டு ஸ்பீக்கர் வச்சா சுத்தி எல்லா இடத்துலயும் ஆளை நிறுத்திரலாமேன்னு 1970கள்ல குவாட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, நாலு மூலைக்கும் நாலு. பிங்க் ஃப்ளாய்ட் அதுக்கும் முன்னாடி, 1967 மே மாசம் லண்டன் குயீன் எலிசபெத் ஹால்ல அசிமத் கோ-ஆர்டினேட்டர்னு ஒரு பெட்டிய வச்சு அதுல இருக்கற கைப்பிடிய திருப்பித் திருப்பி சத்தத்த ஹால சுத்தி ஓட விட்டிருக்காங்க. டார்க் சைடுக்கே 1973ல அதோட ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு குவாட் மிக்ஸ் பண்ணார், அதுல வர்ற கடிகார மணி சத்தமெல்லாம் குவாட் எப்படி கேக்கும்னு காட்டுறதுக்காகவே அவர் கடிகாரக் கடைல போய் ஒவ்வொண்ணா பதிஞ்சு வச்சிருந்தது.

ஆனா குவாட் படுத்துருச்சு. பல காரணம் சொல்வாங்க, விலை, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி முறை, ஹால்ல நாலு பெட்டி வைக்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க, எல்லாம் சரிதான், எனக்குப் பிடிச்ச காரணம் ஒலியியல்தான். முன்னாடி வலது ஸ்பீக்கருக்கும் பின்னாடி வலது ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு ஆளை நிறுத்தணும்னா, ரெண்டுல இருந்து வர்ற சத்தமும் வலது காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருது, இடது காதுக்கும் அதே கதை, மூளைக்கு ஒப்பிட வித்தியாசமே கிடைக்கறதில்ல. அதனால பக்கவாட்டுல ஆள் நிக்க மாட்டாரு, முன்னாடியோ பின்னாடியோ தாவிக்கிட்டே இருப்பாரு. முன்ன பின்னங்கறத காது மடலோட மடிப்புகள் கீச்சு சத்தத்துல பண்ற மாத்தத்த வச்சும், தலைய லேசா திருப்பிப் பாத்தும்தான் கண்டுபிடிக்கிறோம், கோழி தலைய சாச்சு சாச்சு பாக்குமே அந்த மாதிரி.

இன்னொரு சிக்கல் இசைத்தட்டு. ஒரு எல்.பி. தட்டுல ஊசி ஓடுற பள்ளத்துக்கு ரெண்டு சுவர்தான், ரெண்டு சேனல்தான் ஏறும், அதுல நாலை எப்படி அடைக்கிறது? சி.பி.எஸ் கம்பெனியோட எஸ்.க்யூ முறைல பின்பக்க சத்தத்தோட அலைய கால் அலை அளவு (90 டிகிரி) தள்ளி முன்பக்கத்தோட கலந்துருவாங்க, திரும்பப் பிரிக்கும்போது சாதாரண டீகோடர்ல முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபல்தான் வித்தியாசம் வரும், அதாவது பின்னாடி கேக்க வேண்டிய கிதார் முன்னாடியும் கசியும். ஜே.வி.சி.யோட சி.டி-4 இன்னும் துணிச்சல், காதுக்கே கேக்காத 30 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு அலைய பள்ளத்துல வெட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்த அதுல ஏத்திவிட்டாங்க, அத வாசிக்க சாதாரண ஊசி போதாதுன்னு ஷிபாட்டான்னு புது வடிவத்துல ஊசியே வந்துச்சு.

டிஸ்க் காலம் வந்ததும் இந்த அடைக்கிற தலைவலி போச்சு. 1999ல எஸ்.ஏ.சி.டி, 2000த்துல டிவிடி-ஆடியோ, இதுல ஆறு சேனலும் தனித்தனியா நிக்கும், இப்ப பெரும்பாலும் ப்ளூரே. 5.1ன்னா முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, அந்த புள்ளி ஒண்ணு பேஸ் பெட்டி. பேஸ் பெட்டிய எந்த மூலைல போட்டாலும் ஓடிரும், ஏன்னா 80 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 4 மீட்டருக்கு மேல, அதுக்கு நம்ம மண்டை ஒரு பொருட்டே இல்ல. பின் ஸ்பீக்கர சுவத்தோட மூலைல மாட்டாம நமக்குப் பக்கவாட்டுல கொஞ்சமே பின்னால, முன்னாடி நடுக்கோட்டுல இருந்து 110 டிகிரி போல வைக்கச் சொல்றது எதுக்குன்னா, மேல சொன்ன பக்கவாட்டு ஓட்டைய ஓரளவு அடைக்கத்தான்.

இனிமேதான் சேகரிக்கிறவனுக்கு முக்கியமான விசயம். பெட்டில ரீமாஸ்டர்னு போட்டிருக்கா ரீமிக்ஸ்னு போட்டிருக்கான்னு பாக்கணும். எங்க பக்கம் ஓலைக் கொட்டான் முடையறவங்கள பாத்திருப்பீங்க, முடைஞ்ச கொட்டானை தொடச்சு, கோணல நிமித்தி, பளபளன்னு வச்சா அது ரீமாஸ்டர். கொட்டானையே பிரிச்சு, சாயம் போட்ட ஓலை ஒவ்வொண்ணையும் தனியா எடுத்து, அதே ஓலைல புதுசா முடைஞ்சா அது ரீமிக்ஸ். சரவுண்டுக்கு ரெண்டாவதுதான் வழி. ஓலை தனித்தனியா இருக்கணும், அதாவது ஸ்டூடியோல டிரம்ஸ் ஒரு டிராக், குரல் ஒரு டிராக்னு பதிஞ்ச மல்டிடிராக் டேப் பத்திரமா இருக்கணும். கிங் கிரிம்சன்ங்கற ராக் குழுவோட 1969 முதல் ஆல்பத்த 2009லயும், ஜெத்ரோ டல்ங்கற குழுவோட 1971 ஆக்வாலங் ஆல்பத்த 2011லயும் ஸ்டீவன் வில்சன்ங்கற இசைக்கலைஞர் இப்படித்தான் பிரிச்சு முடைஞ்சார், ரெண்டுமே நாப்பதாவது வருசத்துக்கு. எனக்கு அவர் மிக்ஸ் பிடிக்க காரணம், சும்மா சத்தத்த தலைய சுத்தி ஓட்டி வித்தை காட்ட மாட்டார்.

பீட்டில்ஸ் கதை இன்னும் சிக்கல். அவங்க சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம், 1967, நாலே டிராக் மெசின்ல பதிஞ்சது. நாலும் நிரம்பிட்டா அத கலந்து இன்னொரு டேப்ல ஒண்ணு ரெண்டு டிராக்குக்கு இறக்கி, மிச்ச டிராக்ல மேல பதிவாங்க, ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரைச்சல் கூடும், ஓலையும் ஒட்டிக்கும். 2017ல அவங்க பழைய தயாரிப்பாளரோட மகன் ஜைல்ஸ் மார்டின் இறக்குறதுக்கு முந்தின டேப்புகள எடுத்து கம்ப்யூட்டர்ல நேரம் பிசகாம பொருத்தி 5.1 மிக்ஸ் பண்ணார். 1966ல வந்த ரிவால்வர்ல அதுக்கும் வழியில்ல, சில பாட்டுல டிரம்ஸ், பேஸ், கிதார் மூணும் முதல்லயே ஒரே டிராக்ல ஏறிருச்சு. அத சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழு கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு கருவியோட சத்தத்தையும் பழக்கி, கலந்த சத்தத்துல இருந்து தனியா உரிச்சு எடுத்துக் குடுத்தாங்க, 2022ல புது மிக்ஸ் வந்துச்சு. சாயத்தண்ணில இருந்து சாயத்த பிரிக்கிற வேலை மாதிரி, பத்து வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்.

டேப்பே கெட்டுப்போற கதையும் உண்டு. 1970களோட நடுவுல இருந்து வந்த சில டேப்புகள்ல காந்தத் தூள ஒட்டவைக்கிற பசை, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி பிசுபிசுன்னு ஆகிரும், ஓட்டுனா தூள் உரிஞ்சு டேப்ப வாசிக்கிற மெசினோட ஹெட்ல ஒட்டிக்கும், பாட்டோட. அதுக்கு வைத்தியம், 50 டிகிரிக்கு கொஞ்சம் மேல அடுப்புல மணிக்கணக்கா வச்சு ஈரத்த ஓட்டுறது, அதுக்கப்புறம் சில வாரத்துக்கு நல்லா ஓடும், அதுக்குள்ள காப்பி எடுத்துரணும். இது லண்டன்லயும் அமெரிக்காவுலயும், ஏசி போட்ட கிட்டங்கில நடக்குது. கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற எங்க வீட்டுல சாச்சா சவுதில இருந்து கொண்டுவந்த கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சு செத்ததுல ஆச்சரியமே இல்ல. டிஸ்க் தப்பிச்சுரும், அலுமினியம் பிளாஸ்டிக்குக்குள்ள பூட்டி இருக்கு. அட்டைப் பெட்டியும் புத்தகமும்தான் பாவம், சிலிக்கா ஜெல் போட்டு பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன். ஸ்பீக்கர் கம்பியோட முனைல உப்புக் காத்துக்கு வருசா வருசம் களிம்பு ஏறும், வெட்டிட்டு புதுசா சீவி மாட்டணும், ஒரு தடவ இது தெரியாம ஒரு பக்கம் சத்தம் இறங்கிருச்சுன்னு ஆம்ப்ளிஃபயரையே ரிப்பேருக்குக் குடுத்து, அந்தக் கடைக்காரர் போர்டையே மாத்தி பில்லு போட்டு, வீட்டுல மாட்டினா மறுபடி அதே.

ஸ்பீக்கர் மாட்டுனதும் ரிசீவர்ல, அதாவது எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுற பெட்டில, ஒவ்வொண்ணும் உங்ககிட்ட இருந்து எவ்வளவு தூரம்னு அளந்து போடுங்க, இத நெறைய பேர் விட்டுர்றாங்க. ஒரு மீட்டர் பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் 3 மில்லி செகண்ட் முந்திப் பேசும், காது முதல்ல வந்தவன் பேச்சைத்தான் நம்பும், மொத்த பாட்டும் அந்த மூலைக்கு சாஞ்சுரும். தூரத்த போட்டா கிட்ட இருக்கறத ரிசீவரே கொஞ்சம் காக்க வைக்கும்.

இவ்வளவு பாடு எதுக்குன்னு கேக்கறவங்கள நான் தனுஷ்கோடி கோடியில இருக்கற அரிச்சல்முனைக்குப் போகச் சொல்வேன். கிழக்க பாத்து நின்னா இடது காதுல வடகடல், வலது காதுல தென்கடல், ஒண்ணு சும்மா கிடக்கும் ஒண்ணு ஆடும், நடுவுல புள்ளைங்க கத்துறது, பின்னாடி மாங்கா விக்கிறவங்க குரல், அத்தனையும் தனித்தனியா விளங்கும். அதையே போன்ல ஒத்த மைக்ல பதிஞ்சு வீட்டுல போட்டுப் பாருங்க, வெறும் இரைச்சல், மாங்கா காணாமப் போயிருக்கும். வேற வேற திசைல இருந்து வந்தா மூளை ஒண்ண விட்டு ஒண்ண உரிச்சுரும், ஒரே ஓட்டை வழியா வந்தா பெரிய சத்தம் சின்னத முழுங்கிரும். முப்பது வருசமா கேட்ட ஆல்பத்துல நான் கவனிக்காத ஒரு ஆர்கன் சரவுண்டுல திடீர்னு கேக்குதே, அது புதுசா சேத்தது இல்ல.

போன நோன்புக்கு முன்னாடி காக்காவ வீட்டுக்குக் கூப்பிட்டு நடு நாற்காலில உக்கார வச்சு அந்த கடிகார இடத்த போட்டேன். மணியெல்லாம் சுத்தி சுத்தி அடிக்க ஆரம்பிச்சதும் மனுசன் முன்னாடி இருக்கற பெரிய ஸ்பீக்கர பாக்கவே இல்ல, தலைய டக்குன்னு பின்னாடி இடது பக்கம் திருப்பி, "வள்ளம் அங்குட்டு போகுது"ன்னார்.