குதிரைத் திறனை விடுங்கள், கிலோவைக் கேளுங்கள்

ரேஸ் டிராக்கில் ஓட்ட ஒரு கார் வாங்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது குதிரைத் திறனைத்தான். அதிலும் துபாயிலிருந்து லீவுக்கு வரும் கீழக்கரைத் தம்பிகளுக்கு அங்கே ஆட்டோட்ரோம் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்த்த ருசி விட்டிருக்காது, "காக்கா (அண்ணே), இருநூறு குதிரைக்குக் கீழ எதுவும் சொல்லாதீங்க" என்றுதான் பேச்சே தொடங்கும். சரி, இருநூறு இருக்கட்டும், வண்டி எத்தனை கிலோ என்று கேட்டால் உடனே பதில் வராது, போனை எடுத்துத் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டிய எண்ணே அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோவும் 90 குதிரைத் திறனும் உள்ள ஒரு சின்ன ஹேட்ச்பேக். 1,500 கிலோவும் 150 குதிரைத் திறனும் உள்ள ஓர் எஸ்யூவி. இரண்டிலும் ஒரு குதிரை இழுப்பது பத்துக் கிலோதான், ஆகவே நேர் ரோட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வேகம் பிடிக்கும். வேகம் ஏற ஏறக் காற்றைத் தள்ளப் பெரிய எஞ்சின் கைகொடுக்கும் என்பதால் எஸ்யூவி கொஞ்சம் முந்தவும் செய்யும். கதை மாறுவது நேர் ரோடு முடிகிற இடத்தில். 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறக்கும்போது ஓடுகிற காரின் இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். சின்ன காருக்கு அது சுமார் 555 கிலோஜூல், பெரியதற்கு 925. முன் பிரேக் டிஸ்க் இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோ இரும்பு, வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு அவற்றுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் சின்ன காரின் டிஸ்க் 85 டிகிரி கூடும். அதே டிஸ்க் எஸ்யூவியில் இருந்தால் 140 டிகிரி. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், சூட்டின் மேல் சூடு ஏறும்.

பெரிய காருக்குப் பெரிய டிஸ்க் போடுவார்களே என்றால், போடுவார்கள்தான். பெரிய டிஸ்க்குக்குப் பெரிய வீல், அதற்கு அகலமான டயர், அத்தனையையும் தாங்கக் கனத்த சஸ்பென்ஷன் என்று ஒரு கிலோ இன்னொரு கிலோவைக் கூட்டிக்கொண்டு வரும், டயரும் பிரேக் பேடும் மாற்றுகிற பில்லும் கூடவே வரும். லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர். எடையைக் குறைத்தால் சின்ன எஞ்சின் போதும், சின்ன பிரேக் போதும், அதனால் எடை இன்னும் குறையும். 1957இல் வந்த லோட்டஸ் செவன் அந்த வழியில் பிறந்தது, கேட்டர்ஹாம் என்ற பேரில் இன்றும் செய்கிறார்கள். அதே கம்பெனியின் 1996 எலீஸ் அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்த சாஸியோடு வந்தது. சாஸி மட்டும் 68 கிலோ, மொத்தக் காரே 725 கிலோ பக்கம்.

டயர் விஷயம் இன்னும் சுவாரசியம். டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் பிடிப்பும் இரட்டிப்பாகும் என்றுதான் பள்ளிக்கூட உராய்வுப் பாடம் சொல்லும். ரப்பர் அப்படி நடந்துகொள்வதில்லை. பாரம் ஏற ஏற, ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வளைவில் திரும்பும்போது பாரம் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகிறது. வெளி டயருக்குக் கிடைக்கிற லாபம் உள் டயரின் நஷ்டத்தை ஈடுகட்டாது. கார் கனமாக இருந்தால், அதைவிட முக்கியமாக உயரமாக இருந்தால், இப்படிப் போகிற பாரம் அதிகம். அதனால்தான் எஸ்யூவிக்கு எவ்வளவு விலையுயர்ந்த டயர் போட்டாலும் வளைவில் ஒரு சாதாரண ஸ்விஃப்ட் அதை விரட்டிப் பிடிக்கும். பின்சக்கர இழுவை, முன்னும் பின்னும் சரிபாதி எடை, ஆயிரம் கிலோவை ஒட்டிய உடம்பு என்று மாஸ்டா எம்எக்ஸ்-5 1989 முதல் உலகம் முழுக்க டிராக் பிரியர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதும் இதனால்தான். துபாயில் கிடைக்கும், நம் ஊரில் மாஸ்டா கார் விற்பதே இல்லை, ஆகவே அந்தப் பேச்சு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இங்கே எது என்றால், கூச்சப்படாமல் பழைய ஸ்விஃப்ட் என்பேன். 2018க்குப் பிறகு வந்த பெட்ரோல் மாடல் 900 கிலோ பக்கம், பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், மெக்கானிக் எல்லாருக்கும் மனப்பாடம். முன்சக்கர இழுவை என்பதால் திருப்புவது, நிறுத்துவது, இழுப்பது மூன்றும் முன் டயர்களின் தலையில்தான், வேகமாக உள்ளே போனால் மூக்கு நேராக வெளியே ஓடும். ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதுவே அடங்கிவிடும், கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லதே.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இந்தப் பக்கம் ஏர்வாடி வரை நம் ராமநாதபுரக் கடலோரத்தில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூடியின் வழியாகவும் ரப்பர் ஹோஸின் வழியாகவும் மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 4 என்ற தரத்துப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்தால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று தரவிதியே சலுகை கொடுக்கிறது. டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. டிராக்கில் நான்கைந்து சுற்று முடிந்ததும் டிஸ்க்கின் சூடு பேடு வழியாக, அந்தப் பேடை அமுக்கும் காலிப்பருக்குள் போய், உள்ளே இருக்கும் ஆயில் குமிழ்விட ஆரம்பிக்கும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் கெட்டியாக நிற்காமல் தொப்பென்று அடிவரை போகும், கார் நிற்காது. நம் பக்கத்து ஈரக்காற்றில் கம்பெனி சொல்லும் இரண்டு வருஷக் கணக்கை நம்பாதீர்கள். டிராக் போவதற்கு முந்தின வாரம் புது ஆயில், அதுவும் அன்றைக்கே சீல் உடைத்த டப்பாவிலிருந்து. போன தடவை மிச்சம் வைத்த அரை டப்பா எதற்கும் ஆகாது. நான்கு சுற்று வேகமாக ஓட்டினால் அடுத்த சுற்றைப் பிரேக் தொடாமல் ஆற ஓட்டுவதும் அவசியம்.

அப்புறம் உப்பு. பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1914இல் திறந்த இரும்புப் பாலத்தைக் காப்பாற்ற ரயில்வே காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் உண்டு. முன்னது காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் நீரை இழுக்கும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கத்து உப்பு மூட்டையிலேயே கசிவது இதனால்தான். ஆகவே காரின் அடியில் படிந்த உப்பு நம் ஊரில் காய்வதே இல்லை, வெயில் கொளுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கும், துருவுக்கு அது போதும்.

இலேசான கார்தான் இதில் அதிகம் அடிபடும். எடையைக் குறைக்க மெல்லிய உறுதியான எஃகுத் தகடு போடுகிறார்கள், பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தடிமனான தகட்டில் மேலோட்டமாகத் தெரிகிற அதே துரு இதில் ஓட்டையாகிவிடும். அலுமினியம் என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அலுமினியமும் எஃகு போல்ட்டும் உப்புநீரில் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி உருவாகி, அலுமினியம்தான் கரையும். எலீஸ் மாதிரி ஒரு காரை மண்டபத்தில் வைத்திருந்தால் சாஸியில் எஃகு தொடுகிற இடங்களையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதன் பைபர் பாடி மட்டும் கவலையில்லை, நம் பைபர் படகுகள் வருஷக்கணக்காகக் கடலிலேயே கிடக்கின்றன. கழுவுவதிலும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை: போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் வாட்டர் வாஷ் அடித்தால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் அடிப்பக்கத்துக்கு ஊற்றுங்கள், வீட்டில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

டிராக் என்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே, 300 கிலோமீட்டருக்கு மேல்; சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் இன்னும் தூரம். காரை ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்ப வேண்டும் என்பதால் சீட்டைக் கழற்றுவது, ஏசியைப் பிடுங்குவது போன்ற வீராப்பெல்லாம் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கினாலே இருபது கிலோ குறையும். பெட்ரோல் அரை டேங்க் போதும், ஆனால் ரிசர்வில் ஓட்டாதீர்கள், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்புக்கு எட்டாமல் எஞ்சின் இருமும். காலையில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர் 70 டிகிரிக்குச் சூடானால் 36 காட்டும். சூட்டோடு காற்றை இறக்கிச் சரிசெய்துவிட்டு, வீடு திரும்பும் முன் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதாக இருந்தால் டிஎன் 65 (நம் ராமநாதபுரம்) நம்பர் வண்டியை, சொந்தக்கார மச்சான் விற்றாலும், கொஞ்சம் யோசியுங்கள். கோவை, சேலம் பக்கத்து உள்நாட்டு வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். எங்கே எடுத்தாலும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்துத் தகட்டு மடிப்பு, பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம், பிரேக் பைப் செல்லும் கிளிப்புகள், இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். புதுசாகக் கருப்பு அண்டர்கோட் (அடிப்பக்கப் பூச்சு) அடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டுங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்டால் பேரம் பேசலாம்.