விறகுப் போறணை: 'ஃபோர்னோ அ லெஞ்ஞா'வுக்குத் தமிழ்ச்சொல்

இத்தாலியில் பிட்சாக் கடைப் பெயர்ப்பலகைகளில், தனிக்கடையானாலும் ஊரூராகக் கிளை வைத்த நிறுவனமானாலும், 'பிட்செரியா' என்பதோடு பல இடங்களில் இன்னொரு தொடரும் இருக்கும்: 'ஃபோர்னோ அ லெஞ்ஞா'.

பிட்செரியாவில் குழப்பம் ஏதுமில்லை. 'எரியா' என்ற விகுதி கடையைக் குறிக்கும். மீன் விற்றால் பெஸ்கெரியா, புத்தகம் விற்றால் லிப்ரெரியா. பிட்சாக் கடை என்றாலே சரியாகிவிடும். பிட்சா என்ற சொல் கயேத்தா நகரத்து லத்தீன் ஆவணம் ஒன்றில் 997-லேயே வருகிறது. அதன் வேர் பற்றி அறிஞர்களிடம் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

லெஞ்ஞா என்றால் விறகு. ஃபோர்னோவுக்குத்தான் யோசிக்க வேண்டும். பலரும் 'விறகடுப்பு' என்று எழுதுகிறார்கள். அடுப்பு என்றால் தீ கீழே, பாத்திரம் மேலே. ஃபோர்னோ அப்படியில்லை. செங்கல்லால் கட்டிய குவிந்த கூடு அது. தீயும் உணவும் ஒரே அறைக்குள் இருக்கும். ஓரமாக விறகு எரிய, தீநாக்கு கூரையைத் தடவிக்கொண்டு போகும். நீண்ட காம்புள்ள தட்டையான துடுப்பால் பிட்சாவைக் கல்தரையில் சறுக்கி இறக்குவார்கள். தரை அடியைச் சுடும், கூரையின் அனல் மேலே இறங்கும். விளிம்பு உப்பிக் கரும்புள்ளிகள் விழுந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். நேப்பிள்ஸ் முறையில் 60 முதல் 90 விநாடிதான். வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த ஊர் பிட்சாக் கலைஞர்களின் கைத்திறன் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

'வெதுப்பி' என்ற கலைச்சொல் இருக்கிறதே என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் வெதுப்புவது என்றால் இதமாகச் சூடாக்குவது. இந்த அனலுக்கு அது பொருந்துமா?

எனக்குப் பிடித்த சொல் ஈழத்தமிழில் இருக்கிறது: போறணை. பாண், அதாவது ரொட்டி, சுடும் கூட்டுக்கு அங்கே வழங்கும் பெயர். போர்த்துகீசியர் இலங்கைக்கு 1505-இல் வந்தார்கள். அவர்களுடைய 'பாவ்ங்' பாண் ஆனது. 'ஃபோர்னு' போறணை ஆனது. அந்த ஃபோர்னுவும் இத்தாலிய ஃபோர்னோவும் 'ஃபுர்னுஸ்' என்ற ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். வெவ்வேறு கரைகளில் வளர்ந்த உடன்பிறப்புகள், அவ்வளவுதான்.

கடன்சொல்லைத் தமிழ்ச்சொல் என்பதா என்று தயங்க வேண்டாம். 'ஃபோ'வைப் 'போ' ஆக்கி, கடைசியில் 'ஐ' சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல் அது. போறணையில், போறணைக்கு என்று வேற்றுமையும் தடையின்றி ஏற்கிறது. செய்தியில் எழுதினாலும் பலகையில் எழுதினாலும் நான் பரிந்துரைப்பது இதுதான்: விறகுப் போறணைப் பிட்சா.