மலையைத் தண்ணீரால் உடைத்த ரோமானியர்கள்

வெடிமருந்து கண்டுபிடிக்கப் பல நூற்றாண்டுகள் பாக்கி இருந்த காலம். ஸ்பெயினின் வடமேற்கே, லியோன் மாகாணத்தின் லாஸ் மெதுலாஸில், ரோமானியர்கள் மலையையே சரித்துத் தங்கம் எடுத்தார்கள்.

இங்கே தங்கம் பாறைக்குள் கோடாக ஓடவில்லை. பழைய ஆறுகள் அடித்துவந்து குவித்த செம்மண்ணிலும் கூழாங்கல்லிலும் தூளாகக் கலந்து கிடந்தது. ஒரு கன மீட்டர் மண்ணில் மில்லிகிராம் கணக்கில்தான் தேறும். கூடையில் அள்ளிச் சலித்தால் கட்டுப்படியாகுமா? அதனால் தண்ணீரைக் கூப்பிட்டார்கள்.

தூரத்து மலைகளிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி வெட்டியவர்கள் தூரத்திலிருந்து பார்க்கப் பறவைகள்போல் தெரிந்தார்கள் என்கிறார் மூத்த பிளினி. கிபி 70-களில் ஸ்பெயினில் அரசு அதிகாரியாக இருந்தவர் அவர். மலை உச்சியில் 200 அடிச் சதுரத்தில், 10 அடி ஆழத்தில் குளம் கட்டுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நம் கணக்கில் சுமார் 1 கோடி லிட்டர்!

மலைக்குள் முன்பே சுரங்கப் பாதைகளைக் குடைந்து வைத்திருப்பார்கள். பல பாதைகளுக்கு மறுபக்கம் வாசல் கிடையாது. மதகைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே பாயும். சிக்கிய காற்று நெருக்குண்டு அழுத்தும், மண்ணும் ஊறி இளகும். கடைசியில் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து விழும். பிளினி சொல்லும் முறை கொஞ்சம் வேறு: தாங்கி நிற்கும் தூண்களைத் தட்டிவிட்டு மலையை விழவைப்பது, அப்புறம் தண்ணீர் விட்டு அலசுவது. விரிசலை முதலில் கவனிக்கும் காவலாளி சத்தம் கொடுத்ததும் எல்லோரும் ஓடவேண்டும்.

சேறு ஓடும் வாய்க்காலில் முட்புதர்களைப் பரப்பி வைப்பார்கள். கனமான தங்கத்துகள் அதில் சிக்கும். புதரைக் காயவைத்து எரித்து, சாம்பலை அலசினால் தங்கம். மிச்சச் சேறு பள்ளத்தாக்கை அடைத்து ஒரு ஏரியையே உண்டாக்கிவிட்டது. கருசேதோ ஏரி என்று இன்றும் இருக்கிறது.

வடமேற்குப் பகுதிகளில் ஆண்டுக்கு 20,000 ராத்தல் தங்கம் கிடைத்ததாகச் சிலர் சொன்னார்கள் என்கிறார் பிளினி. கேள்விப்பட்ட கணக்கு, அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்தான். வேலைசெய்தவர்களைப் பற்றி அவர் எழுதியதுதான் மனதில் நிற்கிறது. விளக்கு எரியும் நேரமே முறைமாற்றத்துக்கு அளவு. மாதக்கணக்கில் பகல் வெளிச்சமே கிடையாது. வெட்டிய கல்லை இருட்டில் தோளுக்குத் தோள் மாற்றுவார்கள். வரிசையின் கடைசி ஆள் மட்டுமே வெளிச்சத்தைப் பார்ப்பான்.

இவர்கள் எல்லோரும் அடிமைகள் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் லாஸ் மெதுலாஸைச் சுற்றியுள்ள பழைய ஊர்களைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் விவசாயிகள். ரோமுக்குச் செலுத்த வேண்டிய வரியை உழைப்பாகக் கழித்தவர்கள். வெட்டிய தங்கம் பேரரசின் நாணயத்துக்குப் போனது. 3-ஆம் நூற்றாண்டில் அந்த நாணய முறையே ஆட்டம் கண்டபோது சுரங்கமும் கைவிடப்பட்டது.