நியாயப்பிரமாணம்: ‘சட்டம்’ என்று சொன்னால் போதுமா?

“ஆவியானவர் வந்துவிட்டார், இனி நமக்குச் சட்டம் எதற்கு?” என்ற பேச்சை ஒரே மாதத்தில் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். மூன்றாமவர் ஓர் இளைஞர். தம் வேதாகமத்தைத் திறந்து, பவுல் எழுதிய நிருபமான கலாத்தியர் 5:18ஐக் காட்டினார். “ஆவியினால் நடத்தப்படுவீர்களானால், நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவர்களல்ல” என்ற வரியில், மோசே வழியாகக் கடவுள் தந்த கட்டளைகளைக் குறிக்கும் நியாயப்பிரமாணத்தைப் பென்சிலால் அடித்து, மேலே பொடி எழுத்தில் ‘சட்டம்’ என்று எழுதியிருந்தார். பிரசங்க மேடையில் மொழிபெயர்த்துச் சொன்னவர் அப்படித்தான் சொன்னாராம். பழைய சொல் வாயில் நுழையவில்லை, புதிய சொல் உடனே புரிந்தது என்றார். அவருக்குப் புரிந்தது பவுல் சொன்னதுதானா என்பதே என் கவலை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எபிரெய மொழியில் இது ‘தோரா’. எய்தல், சுட்டிக்காட்டுதல், கற்பித்தல் என்ற பொருள்களைத் தரும் வேரிலிருந்து வந்தது. அறிவுறுத்தல் என்பதே அதன் அடிப்பொருள். நீதிமொழிகள் 1:8இல் தாய் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியும் மூலத்தில் தோராதான். தமிழில் அது ‘தாயின் போதகம்’ என்று அழகாக வந்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் தோராவை ‘நோமொஸ்’ என்றார்கள். பவுல் எடுத்தாண்டது அந்தச் சொல். இலத்தீனில் அது ‘லெக்ஸ்’ ஆனது. தமிழில் வந்த நியாயப்பிரமாணம் இரண்டு வடசொற்களின் கூட்டு. பிரமாணம் என்றால் அளவு, அளக்கும் கருவி, அதனால் ஆதாரம், அதனால் ஆணையிட்டுச் சொல்லும் உறுதி. நீதியை அளக்கும் கோல் என்று நியாயப்பிரமாணத்துக்குப் பொருள் கொள்ளலாம்.

இனி ‘சட்டம்’. இன்றைய தமிழில் இந்தச் சொல் எந்தெந்த வினைகளோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். சட்டத்தை இயற்றுகிறோம், திருத்துகிறோம், ரத்து செய்கிறோம். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்கிறோம். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்கிறோம். அதிகாரத்திலுள்ள ஒருவர் வெளியிலிருந்து போடுவது, மாட்டிக்கொண்டால் தண்டிப்பது, மாட்டாமல் தப்பினால் நம்மைத் தொடாதது என்பதே காதில் விழும் பொருள். அந்தக் காதோடு ரோமர் 10:4ஐக் கேட்டால், கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் ‘முடிவாயிருக்கிறார்’ என்பது பழைய சட்டம் ரத்தாகிவிட்டது என்ற அரசாணை அறிவிப்பைப் போல ஒலிக்கிறது. மூலத்திலுள்ள ‘தெலோஸ்’ ஓட்டக்காரன் சென்று சேரும் எல்லையையும் குறிக்கும். ரத்தான சட்டத்துக்குச் சென்று சேரும் எல்லை எங்கே இருக்கிறது?

நான் அந்த இளைஞரிடம் முதலாம் சங்கீதத்தைத் திறக்கச் சொன்னேன். கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து இரவும் பகலும் தியானிக்கிற மனிதனைப் பற்றிய அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு ஏதுமில்லை. அங்கே ‘வேதம்’ என்று தமிழில் இருப்பதும் அதே தோராதான், கிரேக்கத்தில் அதே நோமொஸ்தான் என்றபோது, அவர் இரண்டு பக்கங்களிலும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். “உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்” என்கிறது 119ஆம் சங்கீதம். ‘உமது சட்டத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வழக்கறிஞர்கூட அப்படிப் பாடமாட்டார்.

இதில், நான் இங்கே எடுத்துக்காட்டும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. சங்கீதத்தில் வேதம், பவுலின் நிருபங்களில் நியாயப்பிரமாணம் என்று ஒரே சொல்லை இரண்டாகப் பிரித்ததால், முன்னது நல்லது, பின்னது ஒழிக்க வேண்டியது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தானாகவே படிந்துவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ‘திருச்சட்டம்’ என்றே ஆள்கிறது. அந்த ஒழுங்கை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ‘திரு’ என்ற அடைமொழி சொல்லின் உள்ளிருக்கும் பொருளை மாற்றிவிடாது. சட்டம் சட்டமாகவே நிற்கிறது.

சட்டம் முற்றாக முறிந்து விழும் இடம் ரோமர் 8. அங்கே பவுல் பாவம் மரணம் என்பவற்றின் நோமொஸையும் ஜீவனைத் தருகிற ஆவியின் நோமொஸையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பழைய மொழிபெயர்ப்பாளர் இங்கே ‘நியாய’ என்பதை மட்டும் கழற்றிவிட்டு, ‘ஆவியின் பிரமாணம்’ என்றார். ரோமர் 3:27இல் ‘விசுவாசப்பிரமாணம்’, கலாத்தியர் 6:2இல் ‘கிறிஸ்துவினுடைய பிரமாணம்’ என்று அதே நூல் தொடர்கிறது. அது காது கூர்மையுள்ள ஒருவர் செய்த வேலை. பவுல் சொல்வது பிரமாணம் போய் ஆவி வந்தது என்பதன்று, ஆவிக்கும் ஒரு பிரமாணம் உண்டு என்பதே என்று ஒரு சொல்லின் பாதியைக் கொண்டே காட்டிவிட்டார். இரண்டு வசனம் தள்ளி, ஆவியின்படி நடக்கிறவர்களிடத்தில் ‘நியாயப்பிரமாணத்தின் நீதி நிறைவேறும்’ என்றே எழுதியிருக்கிறது. எரேமியா 31:33இல் கடவுள் வாக்களிப்பதும் தோராவை நீக்குவேன் என்றல்ல, அதை இருதயத்தில் எழுதுவேன் என்றுதான். புதிய சட்டம் என்பது முதன்மையாகத் தூய ஆவியின் அருளே என்று 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்வினா எழுதியதும் இந்த வரியைப் பற்றிக்கொண்டுதான்.

அப்படியானால் தூய தமிழில் என்ன சொல்லலாம்? எனக்குப் பிடித்த சொல் ‘நெறி’. நெறி என்றால் வழி. வழியில் நடப்பவனுக்கே அது பொருள்படும். ஆவிக்கேற்றபடி ‘நடந்துகொள்ளுங்கள்’, ஆவியினால் ‘நடத்தப்படுவீர்களானால்’ என்று பவுல் அடுக்கும் வினைகளும் நடையைச் சேர்ந்தவை. நெறி, நடை, நடத்துதல் மூன்றும் தமிழில் ஒன்றுக்கொன்று உறவு. ‘ஆவியின் நெறி’ என்று சொன்னால் எந்த மேடையிலும் புரியும், கோணலாகவும் புரியாது. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கலாத்தியர் 3:13இல் ‘நியாயப்பிரமாணத்தின் சாபம்’ வருகிறது. நெறி சபிக்குமா என்று கேட்பார்கள். மூன்று வசனம் முன்னால் பவுலே உபாகமத்திலிருந்து எடுத்துக்காட்டி, அதில் எழுதியவற்றில் நிலைத்திராதவன் மேல் வரும் சாபம் அது என்கிறார். நெறி பிறழ்ந்தவனுக்கு நெறி கூறும் சாபம் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த ஓரிடத்தில் நெறி மெலிந்துதான் ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே வேதாகமத்தில் நியாயப்பிரமாணம் இருக்கட்டும். விளக்கும்போதும் பிரசங்கிக்கும்போதும் நெறி என்று விரித்துச் சொல்லலாம். சட்டம் என்று மட்டும் குறுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இதுதான்: எளிமை வேண்டும் என்று செய்தித்தாளில் புழங்கும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், அது எந்தச் சுமையோடு வருகிறது என்று தூக்கிப் பார்ப்பதில்லை. இதற்கு மோசமான சான்று இன்னொன்று. ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி லூத்தருக்கும் அவருடைய நண்பராயிருந்த யோகான் அகிரிகோலாவுக்கும் 1537 முதல் நடந்த வாதத்தில், நியாயப்பிரமாணத்தைக் கிறிஸ்தவர்களுக்குப் பிரசங்கிக்க வேண்டியதில்லை என்றவர்களுக்கு ‘அன்டினோமர்’, அதாவது நோமொஸுக்கு எதிரானவர், என்று பெயர் வந்தது. இதைத் தமிழில் ‘சட்டமறுப்பாளர்’ என்று எழுதியிருப்பதை ஒரு பாடக்குறிப்பில் படித்தேன். சட்டமறுப்பு என்றால் தமிழர் மனத்தில் எழுவது 1930இன் உப்புச் சத்தியாகிரகம். அநியாயமான ஆணையை மனச்சாட்சியின்படி மீறிச் சிறைக்குப் போனவர்களின் பெயரை, கட்டளையே வேண்டாம் என்றவர்களுக்குச் சூட்டினால், படிக்கும் மாணவர் அகிரிகோலாவை வீரராகத்தான் நினைப்பார். ‘நெறிமறுப்பாளர்’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.