கொழுந்துக் கணக்கு வாசிக்கும் பார்சரை வேகமாக்குவது

இலங்கையின் மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து ஒரு நாளில் இரண்டு மூன்று தரம் நிறுக்கப்படும். ஒவ்வொரு நிறுவைக்கும் ஆளுக்கொரு வரி என்று ஆபீஸ் கணினியில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

கமலா,காலை,11.5

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இது 31 பைட். துணைக்கால் போன்ற குறிகளும் உட்பட தமிழில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் பெயருக்கு 12, வேளைக்கு 12. மிச்சம் 7 பைட் இலக்கம், புள்ளி, கமா, வரிமுடிவு.

வருடக்கணக்கில் சேர்ந்த கோப்பில் பார்சர் (வரியைப் புலம் புலமாகப் பிரித்து வாசிக்கும் புரோகிராம்) இழுத்தடித்தால் பலரும் அது வரியைப் பிரிக்கும் இலக்கண விதிகளில் கைவைப்பார்கள். முதலில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரை ஓட்டுங்கள். இப்படியான எளிய வடிவங்களில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) உண்டாக்குவதுதான்: வரிக்கு ஒன்று, புலத்துக்கு ஒன்று, ஓரத்து வெற்றிடத்தை நீக்க இன்னொன்று.

அதனால் எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே தேடலாம். கமாவின் மதிப்பு 44; தமிழ் எழுத்தின் மூன்று பைட்டும் 128க்குக் குறையாது. இரண்டும் குழம்பவே வழியில்லை. மேலே உள்ள வரியில் பூச்சியத்திலிருந்து எண்ணினால் கமாக்கள் 12, 25ஆம் இடங்களில். அந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டால் போதும், பெயர் தேவைப்படும்போது வெட்டலாம். ஒரே கட்டளையில் பல தரவைக் கையாளும் ப்ராசசரின் சிம்ட் கட்டளைகள் 16 அல்லது 32 பைட்டை ஒரே வீச்சில் ஒப்பிடும். ஜேசன் வடிவத் தரவை வாசிக்கும் சிம்டிஜேசன் லைப்ரரியின் வேகத்துக்கு இதுவே அடித்தளம். பைதனில் பைட் பைட்டாக லூப் போட்டால் நிலைமை மோசமாகும், தேடுவதற்கென்று உள்ளமைந்த ஃபைண்ட்டையே கூப்பிடுங்கள்.

வேளைப் புலத்தில் வருவது காலை, மதியம், மாலை மட்டும். மூன்றையும் ஒருமுறை உண்டாக்கி, பிறகு அவற்றையே சுட்டலாம். 11.5ஐ 115 என்று முழு எண்ணாக வைத்தால் கூட்டலில் தசமப் பிசகும் வராது.

சிக்கல் வருவது விளிம்புகளில். 64 கிலோபைட் துண்டுகளாக வாசித்தால் கடைசி வரி பாதியில், சிலவேளை ஓர் எழுத்தின் நடுவிலேயே அறுபடும். அந்த வாலை அடுத்த துண்டின் தலையில் ஒட்டியபின்தான் எழுத்தாக மாற்ற வேண்டும். பெயருக்குள்ளேயே கமா இருந்து மேற்கோள் குறி போட்டிருந்தால் குறுக்குவழி செல்லாது, அந்தத் துண்டைப் பழைய மெதுவான பாதைக்கு அனுப்புங்கள். எக்செல்லில் சேமித்திருந்தால் அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டை ஒட்டியிருக்கலாம். அவற்றைத் தாண்டாவிட்டால் முதல் வரியில் உள்ள பெயர் எதனோடும் பொருந்தாது.

நேரம் அளக்கும்போது முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள், அதில் டிஸ்க் வாசிக்கும் நேரமும் கலந்திருக்கும். பழைய பார்சரும் புதியதும் ஆளுக்கு ஆள் ஒரே கிலோவைக் காட்டாதவரை வேகக்கணக்கு எதையும் நம்ப வேண்டாம். கொழுந்துக் கிலோவில்தான் சம்பளம் நிற்கிறது.